வரைபடத்தில் இல்லாத பள்ளம்

கிராமத் திட்டமிடல் வேலையில் சேர்ந்த புதிதில், முதல் கிராம சபைக் கூட்டத்துக்கு முழுதாக முடித்த வரைபடத்தோடு போனேன். மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வணிகம், ஊதா தொழில், பச்சை விவசாயம். மூன்று மாத உழைப்பு. அதைச் சுவரில் ஒட்டி, வரும் இருபது ஆண்டுகளில் ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று விளக்கினேன். எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். அந்த அமைதியைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்து நான் தாளைச் சுருட்டும்போது ஒரு பாட்டி பக்கத்தில் வந்தார். மஞ்சள் பூசிய ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்கேயா தம்பி வீடு கட்டச் சொல்றீங்க? மழைக்காலத்துல இடுப்பளவு தண்ணி நிக்குமே" என்றார்.

நாங்கள் அளவெடுத்தது கோடையில். எங்களிடம் இருந்த சம உயரக் கோடுகள் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையப்பட்டவை. ஒரு மீட்டர் ஆழமுள்ள பள்ளம் அதில் தெரிய வழியே இல்லை. ஆனால் ஊரில் அந்தப் பள்ளத்துக்கு ஒரு பெயரே இருந்தது. அங்கே மனை பிரித்திருந்தால் குடியேறியவர்கள் வருடா வருடம் தண்ணீரில் தவித்திருப்பார்கள். ஏரிக்குப் போகும் நீரின் வழியும் அடைபட்டிருக்கும். அந்தப் பாட்டி வந்து சொல்லாமல் போயிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்வி அதைவிட அதிகமாக உறுத்துகிறது.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். அதில் 'தகவல் சொல்வது' மூன்றாம் படி, 'கருத்துக் கேட்பது' நான்காம் படி. அதிகாரம் மக்கள் கைக்கு மாறத் தொடங்குவது ஆறாம் படியிலிருந்துதான். நான் அன்று நின்றது மூன்றாம் படியில். முடிவெடுத்த பிறகு ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, அதற்குக் கலந்தாய்வு என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அடுத்த ஊருக்கு வரைபடம் எடுத்துப் போகவில்லை. ஊர் மக்களே தங்கள் ஊரை ஆராயும் முறை ஒன்றை ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் போன்றவர்கள் பரவலாக்கினார்கள். அதன்படி, மண்ணிலேயே ஊரை வரையச் சொன்னோம். கோலப்பொடி, கல், இலை, குச்சி, கையில் கிடைத்ததெல்லாம் பயன்பட்டது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வரைந்தார்கள். ஆண்கள் சாலையில் தொடங்கினார்கள். பெண்கள் தண்ணீரில் தொடங்கினார்கள்: எந்தக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எந்தக் கிணறு எப்போது வற்றும், இருட்டிய பிறகு எந்தப் பாதையில் நடக்க முடியாது. ஆடு மேய்ப்பவர்கள் தனியாக வரைந்து காட்டிய வழித்தடங்களில் பாதி எந்த அரசு ஆவணத்திலும் கிடையாது. ஒரே ஊருக்கு மூன்று வரைபடங்கள், மூன்றும் உண்மை. அவற்றை ஒன்றாக்குவதுதான் எங்கள் வேலை என்று அன்றுதான் புரிந்தது.

கூட்டம் வைக்கும் நேரமும் ஒரு பிரச்சினை. காலை 11 மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் வர மாட்டார். வந்தால் அன்றைய கூலி போய்விடும். அப்படியானால் வருகிறவர் யார்? நிலம் வைத்திருப்பவரும் ஒப்பந்ததாரரும்தான். நேரத்தை மாலை ஏழுக்கு மாற்றினோம். வேறெதுவும் செய்யவில்லை. கூட்டத்தின் முகமே மாறிவிட்டது.

உள்ளூர் அதிகாரம் என்றதும் ஊர் முழுக்க ஒரே குரலில் பேசும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகவே பேசினார். கிராமத்தின் மீது எனக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் அவர் பேச்சைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. தெருவிளக்கும் வடிகாலும் எந்தத் தெருவோடு நிற்கின்றன என்பதை வரைபடத்தில் குறித்துப் பார்த்தாலே அவர் எதைச் சொன்னார் என்று தெரியும். மேலிருந்து வரும் அதிகாரம் ஊருக்குள் இறங்கி நாலு பேர் கையில் தங்கிவிட்டால் மற்றவர்களுக்கு என்ன மாறியது?

சரி, ஊரே கூடி நல்ல திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன பலம்? 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பைப் பேசுகிறது. ஆனால் 243ஜி பிரிவின்படி அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்'; 'வழங்க வேண்டும்' என்று இல்லை. அதோடு சேர்ந்த பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் உண்டு: விவசாயம், சிறு பாசனம், குடிநீர், சாலை, வீட்டு வசதி என்று. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் 18 துறைகள். அதில் முதலாவது நகரத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. கிராமத்துக்கான 29-இல் இந்த இரண்டும் இல்லை. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலத்தை நம்பியே வாழும் ஊருக்கு நிலத்தின் பயன்பாட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பட்டியலிலேயே இல்லை.

இதன் விலையை ஒரு கிடங்கு விஷயத்தில் பார்த்தேன். நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய கிடங்கு ஒன்று வருவதாகச் செய்தி. சாலையோர நிலம் வைத்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சி. அதே நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்குப் பயம். வேலை கிடைக்குமா என்று இளைஞர்கள் ஆவலோடு கேட்டார்கள். யாரையும் தவறு சொல்ல முடியவில்லை. கிடங்கை எதிர்த்தே ஆக வேண்டும் என்று நகரத்திலிருந்து வந்த சிலர் பேசியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வளர்ச்சி வேண்டாம் என்று ஊர் ஒருபோதும் சொல்லவில்லை. லாரி எந்த வழியில் வரும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வருமா, எத்தனை ஆழத்துக்குப் போர் போடுவார்கள், தளம் போட்ட இடத்தில் விழும் மழைநீர் எங்கே போகும், உள்ளூரில் எத்தனை பேருக்கு வேலை என்றுதான் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்த யாரும் அதற்கு முன் அவ்வளவு நல்ல கேள்விகளைக் கேட்டதில்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பினோம். லாரிக்கான வழி மாறியது. மழைநீருக்கு வடிகால் வந்தது. நிலத்தடி நீர் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. அதில் ஊரை மட்டும் நம்பியும் பயனில்லை. நிலத்தடி நீர் ஊர் எல்லையோடு நிற்பதில்லை. பக்கத்து ஊர்களும் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்கென்றே மாவட்டத் திட்டக் குழுவைச் சட்டம் வைத்திருக்கிறது. ஊராட்சிகளின் திட்டங்களை அங்கே ஒன்றாகத் தொகுக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் எங்கள் தீர்மானத்தைத் தேடினேன். ஒரு வரியாகக்கூட அது இல்லை.

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். பணம் வருகிறது என்று தெரிந்ததும் கூட்டங்களில் பேச்சு எப்படி மாறும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். பணமும் அனுமதி அதிகாரமும் இல்லாத ஊரிடம் விருப்பப் பட்டியல் கேட்பது அந்த மக்களின் மாலைப் பொழுதை வீணாக்குவது. நான் அதைப் பல முறை செய்திருக்கிறேன்.

மண்ணில் வரைந்த அந்த ஊரில், இறுதி வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தின் வெளிச்சுவரில் பெரிதாக எழுதி வைத்தோம். பள்ளம், மேடு, வாய்க்கால் எல்லாம் ஊரார் சொல்லும் பெயர்களோடு. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அந்த வழியாகப் போனபோது நின்று பார்த்தேன். மேற்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கோட்டை யாரோ சுண்ணாம்பால் அழித்து, கொஞ்சம் வடக்கே தள்ளித் திருத்தி வரைந்திருந்தார்கள்.