உருளை கட்டும் ஊர்

பெல்லாவில் ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் யாரும் ஓட்டுவதில்லை. நான் குடிபோன புதிதில், எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தாமே சுட்ட பிஸ்கட்டுகளோடு வந்து ஊர் வழக்கங்களைச் சொன்னபோது இதையும் சேர்த்துச் சொன்னார். நான் இருந்ததோ அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில். எனக்கென்று ஒரு முழம் புல்தரைகூடக் கிடையாது. இருந்தாலும் சொல்லிவைத்தார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மொய்னிலிருந்து தென்கிழக்கே காரில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது பெல்லா. மக்கள்தொகை பத்தாயிரத்துச் சொச்சம். அங்குள்ள ஒரு விவசாய இயந்திரத் தொழிற்சாலைக்கு ஒப்பந்த மென்பொருள் பொறியாளராகப் போனேன். இட்லி அரிசிக்கு டி மொய்ன் போக வேண்டும். கோயிலுக்கு அதையும் தாண்டி மேட்ரிட் என்ற சிற்றூர் வரை போக வேண்டும். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே அங்கே ஒரு கோயில் இருக்கிறது. மற்றபடி வாழ்க்கை முழுவதும் தொழிற்சாலை, வயல், தேவாலயம் என்ற மூன்று இடங்களைச் சுற்றியே நடந்தது. மூன்றாவதற்கு நான் போகவில்லை என்றாலும், என்னுடன் வேலை பார்த்தவர்களின் பேச்சில் அது எப்போதும் இருந்தது.

அயோவா தட்டையான நிலம் என்று சொல்பவர்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதவர்கள். மாநிலத்தின் வடக்கில் அது ஓரளவு உண்மை. பெல்லா இருப்பதோ ஸ்கங்க் ஆற்றுக்கும் டி மொய்ன் ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டில். மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் நிலம் ஏறி இறங்கி ஆறுகளை நோக்கிச் சரிகிறது. சமமான இடங்களில் மக்காச்சோளமும் சோயாவும் மாறிமாறி வருகின்றன. சரிவுகளில் உழுதால் மண் அடித்துக்கொண்டு போகும் என்பதால் அங்கே புல், அந்தப் புல்லை நம்பி மாடுகள். மாடுகளுக்கான புல்லைக் கட்டும் இயந்திரங்கள் தட்டையான வடக்கில் பிறக்காமல் இந்தச் சரிவுகளுக்குப் பக்கத்தில் பிறந்ததற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. சாலைகள் மட்டும் மேடு பள்ளம் எதையும் பொருட்படுத்துவதில்லை. 1785ஆம் ஆண்டு நில அளவைச் சட்டம் ஒரு மைலுக்கு ஒரு மைல், அதாவது 640 ஏக்கர், எனக் கட்டம் போட்டது. சாலைகள் இன்றும் அந்தக் கோடுகளின் மேல்தான் ஓடுகின்றன.

கோடு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஊருக்குத் தென்மேற்கே ரெட் ராக் ஏரி இருக்கிறது. டி மொய்ன் ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1969இல் உருவானது, மாநிலத்திலேயே பெரியது. அதே பெயரில் இருந்த பழைய ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில். அங்கிருந்த செம்பாறைகளைத்தான் அமெரிக்க அரசின் 1842 ஒப்பந்தம் எல்லையாகக் குறித்தது. பூர்வகுடிகளான சாக், மெஸ்க்வாக்கி மக்கள் 1843 மே மாதத்துக்குள் அந்தக் கோட்டுக்கு மேற்கே போய்விட வேண்டும், 1845 அக்டோபருக்குள் அயோவாவை விட்டே வெளியேற வேண்டும் என்று ஏற்பாடு. கெடு முடிந்த நள்ளிரவில் வெள்ளைக் குடியேறிகள் தீப்பந்தங்களோடு ஓடி நிலத்தை அடையாளமிட்டார்களாம். பிறகு மெஸ்க்வாக்கி மக்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து, தங்கள் பழைய பூமியிலேயே, டாமா மாவட்டத்தில், 1857இல் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பெல்லாவின் விழாக்களில் இந்தக் கதையை நான் அதிகம் கேட்கவில்லை. ஊரின் கதை அங்கே 1847இல்தான் ஆரம்பிக்கிறது.

அந்த ஆண்டு ஹென்ட்ரிக் பீட்டர் ஸ்கோல்ட்டே என்ற போதகர் நெதர்லாந்திலிருந்து ஏறத்தாழ 800 பேரோடு வந்து சேர்ந்தார். அரசு ஆதரவு பெற்ற திருச்சபையிலிருந்து 1834இல் பிரிந்தவர், அதற்காகச் சிறைக்கும் போனவர். உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்த பஞ்ச காலமும் சேர்ந்துகொள்ள, கப்பல் ஏறினார்கள். எருசலேம் அழிந்த காலத்தில் கிறிஸ்தவர்கள் தஞ்சம் புகுந்த பழைய நகரின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார். அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர். முதல் குளிர்காலத்தைப் பலர் தரையில் குழி தோண்டி மேலே புல் வேய்ந்த வீடுகளில் கழித்தார்கள். ஸ்கோல்ட்டேயின் மனைவி மரியா கொண்டுவந்த பீங்கான் பாத்திரங்கள் வழியிலேயே உடைந்துபோன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது மே மாதத் தொடக்கத்தில் பெல்லாவுக்குப் போனால் நீங்கள் பார்ப்பது வேறொரு ஊர். 1935 முதல் நடக்கும் டூலிப் திருவிழா அது. எங்கள் சோதனைக் கூடத்தில் கை முழுக்கக் கிரீஸோடு நிற்கும் மெக்கானிக்குகள் மரச்செருப்பு அணிந்து ஊர்வலத்துக்கு முன்னால் தெருவைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவார்கள். நடுத்தெருக் கடைகளுக்கு டச்சு முகப்பு. 2002இல் எழுப்பிய காற்றாலை உண்மையிலேயே கோதுமை அரைக்கிறது. முதலில் எனக்கு இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் போட்ட வேடமாகத்தான் பட்டது. ஆனால் வேடத்தை இவ்வளவு சிரத்தையாக, சம்பளம் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக யாரும் போட மாட்டார்கள்.

ஊருக்குச் சோறு போடுவது டூலிப் பூ அல்ல, வயலும்கூட அல்ல. பூச்சி வலையைச் சுருட்டிக்கொள்ளும் ஜன்னல் செய்த ரோல்ஸ்கிரீன் நிறுவனம் 1926இல் இங்கே வந்தது. பெல்லா ஜன்னல்கள் என்று அமெரிக்கா முழுவதும் தெரிவது அதுதான். 1948இல் கேரி வெர்மீர் என்ற விவசாயி, மக்காச்சோள வண்டியிலிருந்து தானியத்தைக் கையால் அள்ளிக் கொட்டும் வேலையை மிச்சப்படுத்தத் தனக்காகச் செய்த தூக்கியை அக்கம்பக்கத்தாரும் கேட்கவே, கம்பெனி தொடங்கினார். புல் கட்டும் உழைப்புத் தாளாமல் மாடு வளர்ப்பையே விடப் போவதாக நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 1971இல் பெரிய உருளைகளாகக் கட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதுவரை உலர்ந்த புல்லை இருபது, இருபத்தைந்து கிலோ செவ்வகக் கட்டுகளாகக் கட்டி, ஒருவர் தூக்கி எறிய, இன்னொருவர் வண்டியில் அடுக்க, மூன்றாமவர் கொட்டகையில் ஏற்ற வேண்டும். உருளை வந்த பிறகு பல நூறு கிலோ எடையுள்ள உருளையை ஒரே ஆள் டிராக்டரில் உட்கார்ந்தபடி கட்டி, நகர்த்தி, மாட்டின் முன் போட்டுவிடலாம். அறுவடைக்குப் பிறகு காவிரி டெல்டாவில் வைக்கோலைச் சுருட்டிப் போடும் சின்ன இயந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவம் புரியும்.

என் வேலை இந்த வகை இயந்திரத்தின் மூளையோடு. டிராக்டரும், அது இழுத்துச் செல்லும் பேலர் என்ற புல் கட்டும் இயந்திரமும் ஐசோபஸ் என்ற பொது மொழியில் பேசிக்கொள்ளும். உருளை போதிய அளவு ஆனதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, வலை சுற்றி, பின்கதவைத் திறந்து, உருளையை வெளியே தள்ளி, கதவை மூட வேண்டும். இந்த வரிசையில் ஓட்டுநர் அழுத்தும் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் எங்கள் குழுவுக்கு இட்ட பணி.

எதற்காகக் குறைக்க வேண்டும் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து நான் புரிந்துகொள்ளவில்லை. என் குழுவின் மூத்த பொறியாளர் காலை ஆறரைக்கு வேலைக்கு வருவார், மூன்றரைக்குக் கிளம்புவார், அதன் பிறகுதான் தன் நிலத்துக்குப் போவார். முந்நூறு ஏக்கரும் மாடுகளும் வைத்திருப்பவருக்குத் தொழிற்சாலை வேலை எதற்கு என்று கேட்டேன். “மருத்துவக் காப்பீட்டுக்கு” என்றார். அவரைப் போல் அங்கே பலர் இருந்தார்கள்.

ஒரு ஜூன் மாதம் அவருடைய நிலத்திலேயே சோதனை வைத்தோம். அல்ஃபால்ஃபா என்கிற குதிரைமசால் பயிரை வெயில் நேரத்தில் கட்டினால் இலைகள் நொறுங்கி உதிர்ந்துவிடும், சத்தே இலையில்தான். ஈரம் மிஞ்சிக் கட்டினாலோ உருளைக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும், சில சமயம் தீயே பற்றும். எனவே மாலைப் பனி லேசாக இறங்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஈரமானி 13 சதவீதம் என்றது. அவர் ஒரு பிடி புல்லை எடுத்துக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கிப் பார்த்து, “இன்னும் அரை மணி நேரம்” என்றார். அரை மணி நேரம் கழித்து ஈரமானி 16 காட்டியது. இருட்டிய பிறகும் கட்டினோம். பத்து மணிக்கு டிராக்டரில் இருந்தது அவருடைய மனைவி. பகலில் மருத்துவமனை நர்ஸ். பொத்தான்களை யாருக்காகக் குறைக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பகல் முழுக்க வேறு வேலை பார்த்துக் களைத்தவர்களும், பிள்ளைகள் ஊரில் இல்லாத எழுபது வயதுக்காரர்களும்தான் இதை ஓட்டப்போகிறார்கள். 2022 விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.

அதே கணக்கெடுப்பில் அயோவாவின் பண்ணைகள் ஏறத்தாழ 87,000. 1950இல் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தன. நிலம் குறைந்துவிடவில்லை, கைகள் மாறி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. எண்பதுகளில் வட்டி உயர்ந்து நிலத்தின் விலை சரிந்தபோது கடனில் மூழ்கிய குடும்பங்கள் ஏராளம். சுற்றுவட்டாரத்தில் வண்டி ஓட்டிப் போனால் மரத்தோப்பு மட்டும் நிற்கும், நடுவில் வீடு இருக்காது. பல சிற்றூர்களில் பள்ளிகள் ஒன்றிணைக்கப்பட்டு, கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. பெல்லா மட்டும் தழைத்தது. அது தழைத்ததே, ஒருவர் மூன்று பேர் வேலையைச் செய்ய உதவும் இயந்திரங்களை விற்றுத்தானே என்ற எண்ணம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. டூலிப் ஊர்வலத்தைக் கைதட்டிப் பார்க்கும்போதும் அது போகவில்லை.

ஒருநாள் மதிய உணவின்போது அந்த மூத்த பொறியாளரிடமே கேட்டுவிட்டேன், பக்கத்து ஊர்கள் காலியானதில் நம் இயந்திரத்துக்குப் பங்கில்லையா என்று. அவர் கோபப்படவில்லை.

“அந்தக் காலத்தில் கட்டுகளைத் தூக்கியது நானும் என் அண்ணனும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அண்ணன் டி மொய்னுக்குப் போய்விட்டார், திரும்பவே இல்லை. அடுத்த வருடம்தான் அப்பா உருளை இயந்திரம் வாங்கினார். எது முதலில் என்று நீங்களே சொல்லுங்கள்.”

கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, கதவு மூடும் வரிசையில் இன்னும் ஒரு பொத்தான் மிச்சம் இருப்பதாகவும், கோடைச் சோதனைக்கு முன் அதை எடுத்துவிட முடியுமா என்றும் கேட்டார்.