பட்டவராயனுக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?

ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குக் குலசாமி கோயிலுக்குப் போகிற ரயிலிலேயே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். களக்காடு முண்டந்துறைதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-லேயே அறிவித்துவிட்டார்கள் என்று என் ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லித் தொலைத்தேன். அதன்பிறகு அவனுக்கு ஆடி அமாவாசையும் இல்லை, அய்யனாரும் இல்லை. புலி மட்டும்தான்.

பாபநாசம் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பிளாஸ்டிக்கை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். திருவிழா நாட்களில் சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்த பையன் கண்ணைச் சிமிட்டவில்லை. வழி நெடுகக் குரங்குகள். ஒரு வளைவில் மலை அணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவியது. "இது பூனை சைஸ்ல இருக்குப்பா" என்றான், கொஞ்சம் சமாதானமாகி.

காரையாறு சொரிமுத்து அய்யனார் எங்கள் குலசாமி. என் சின்ன வயதில் லாரியில் ஓலைத்தட்டி, அரிசி மூட்டை, ஆடு, கோழி எல்லாவற்றோடும் ஏறிவந்து தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் கிடப்போம். இப்போது சில நாள்தான் அனுமதி. பழைய ஆட்களுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு அவ்வளவாக இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் அந்த ஆற்றங்கரை கிடந்த கோலத்தைப் பார்த்தவன் நான்.

சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. அய்யனாருக்குச் சைவப் படையல். அதே வளாகத்தில் சங்கிலிபூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. கிடா வெட்டுவது இவர்களில் சிலருக்குத்தான். சங்கிலிபூதத்தார் முன்னால் சாமியாடி ஒருவர் இரும்புச் சங்கிலியால் தன் மேலேயே ஓங்கி அடித்துக்கொண்டு ஆடினார். பையன் என் வேட்டிக்குள் புகுந்துகொண்டான். நானும் என் அப்பா வேட்டிக்குள் இப்படித்தான் ஒளிந்தேன். பிறகு அவர் தோளில் ஏறி, தலைப்பாகையும் ராஜ உடையுமாக அமர்ந்திருந்த சிங்கம்பட்டி ஜமீன்தாரைப் பார்த்தது நினைவிருக்கிறது. அந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமாகிவிட்டார்.

பயம் தெளிய, மணிமுழுங்கி மரத்தைக் காட்டினேன். இலுப்பை மரம். வேண்டிக்கொண்டு கட்டுகிற மணிகளை மரப்பட்டை வளர்ந்து மூடிவிடும். பாதி உள்ளே போன மணி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "வயிறு வலிக்காதா?" என்று மரத்திடமே கேட்டான்.

ஆனால் அவனை உண்மையில் பிடித்து நிறுத்தியது பட்டவராயன் சன்னதிதான். அங்கே தேங்காய் பழத்தோடு செருப்பும் காணிக்கை. ஜோடி ஜோடியாகத் தோல் செருப்புகள் தொங்குவதைப் பார்த்து, "கோயிலுக்குள்ள எப்படிப்பா செருப்பு?" என்றான். பதில் சொன்னது என் அம்மா. நான் சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன்.

பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் அந்தணர் வீட்டுப் பிள்ளை. காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையின் பாட்டைக் கேட்டு மயங்கினான். அவர்கள் செருப்புத் தைக்கும் வீட்டுப் பிள்ளைகள். "பூணூலையும் குடுமியையும் அறுத்து, செருப்புத் தைச்சுக் கொண்டா, பெண் தாரேன்" என்றார் அப்பன்காரர். தைத்துக்கொண்டு வந்து நின்றான். கல்யாணமான சூட்டோடு மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள். தீயில் இறங்கியதை மட்டும் அம்மா ஒரே வரியில் கடந்துவிட்டாள். வில்லுப்பாட்டில் அந்த இடத்துக்கு இராத்திரி முழுக்க அழுவார்கள்.

"இப்பவும் ராத்திரி இந்தக் காட்டைச் சுத்திக் காவல் காக்காருல. இந்த வருசம் கட்டுன செருப்பு அடுத்த வருசம் அடி தேஞ்சு, மண்ணு ஒட்டிக் கெடக்கும்."

பையன் ஒவ்வொரு செருப்பாக அண்ணாந்து அடிப்பாகத்தைப் பார்த்தான். "அப்ப அவர் புலியைப் பார்த்திருப்பாரா ஆச்சி?"

"புலிதான் அவரைப் பாத்து ஒதுங்கிப் போகும்."

மறுநாள் காலை ஆற்றில் குளிக்கும்போது அசம்பாவிதம் நடந்தது. பாறை மேல் செருப்பை விடச் சொன்னது நான்தான். மேலே காரையாறு அணையிலிருந்து வருகிற தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும், இழுவை வேறு மாதிரி. கால் இடறியதில் ஒரு செருப்பு போயே போய்விட்டது. அழுவான் என்று நினைத்தேன். மிச்சமிருந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதையும் பட்டவராயனுக்கே கட்டிடவா?" என்றான்.

"ஒத்தச் செருப்ப வச்சு அவரு என்னல செய்வாரு" என்று அம்மா சிரித்தாள். "அடுத்த வருசம் சோடியா வாங்கிக் கட்டு."

மாலையில் பூக்குழி பார்த்துவிட்டு, இருட்டியபின் பேருந்தில் மலையிறங்கினோம். வெறுங்காலோடு என் மடியில் இருந்தவன் சன்னல் வழியே காட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். புலியைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.

"ஆச்சி, அவருக்கு எத்தனாம் நம்பர் வாங்கணும்?"

அம்மா கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தாள்.

"பெருசாவே வாங்குல. காடு பூரா நடக்குத ஆளு."