மாப்பிள்ளைக்கு எந்தத் தோள் இறக்கம்?

ஒரு கல்யாணக் கோட்டுக்கு இரண்டு ஃபிட்-ஓன், அதாவது தைக்கிற நடுவில் போட்டுப் பார்ப்பது, போதும். மூன்றாவது என்றால் மாப்பிள்ளை இடையில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறான் என்று அர்த்தம். ஹட்டன் டவுனில் மேட்டுத் தெருத் தையல் கடை ஒன்றில், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால், ஒரே கோட்டுக்கு ஐந்து நடந்தது. துணியில் குறையில்லை, கத்தரியிலும் குறையில்லை. மனுஷனுக்கு இடது, வலது என்று இரண்டு பக்கம் இருப்பதுதான் வினை.

முதல் நாள் அளவெடுத்ததுமே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "தம்பிக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம் புள்ள கோணலா? மொதல்ல ஒங்க டேப்ப பாருங்க மாஸ்டர். இந்த மழைக்கு அது சுருங்கியிருக்கும்."

பழைய துணி டேப் சுருங்காது, இழுபட்டு நீளும். அதனால்தான் நல்ல கடையில் மாதத்துக்கு ஒரு தடவை இரும்பு அடிமட்டத்தில் வைத்துச் சரிபார்ப்பார்கள். மாஸ்டர் அதையும் எடுத்துக் காட்டினார். டேப் சரி. பிள்ளைதான் கோணல்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வலது கைக்காரர்களில் நிறையப் பேருக்கு வலது தோள் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். வேலை செய்கிற பக்கம் கொஞ்சம் தணிந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கிற வழியும் சுலபம். இடுப்பைச் சுற்றி ஒரு எலாஸ்டிக்கை மட்டமாகக் கட்ட வேண்டும். அதிலிருந்து மேலே தோள் முனை எலும்பு வரைக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். இந்த மாப்பிள்ளைக்கு இடது பதினேழரை, வலது பதினேழு. ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மற்றதையும் அப்படியே எழுதிக்கொள்கிற கடைகளில்தான் கோட்டெல்லாம் ஆணியில் தொங்குகிறது போல நிற்கும்.

ஆளை நிறுத்துவதிலும் சூட்சுமம் இருக்கிறது. "நேரா நில்லுங்க" என்று சொன்னால் கெட்டது. பிரட்டுக்களத்தில் தொரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். அப்போது எல்லார் தோளும் மட்டம்தான். கையை இரண்டு தரம் ஆட்டிவிட்டுத் தொங்கப்போடச் சொல்லி, பொண்ணு எந்த ஊர் என்று பேச்சுக் கொடுத்து, ஆள் தன்னை மறந்த நேரத்தில் பின்னால் நின்று பார்க்க வேண்டும். பொண்ணு தலவாக்கலை என்று சொல்லும்போது தம்பியின் வலது தோள் தானாக இறங்கியது.

முதல் ஃபிட்-ஓனில் கோட் தற்காலிக ஓட்டுத் தையலில் இருந்தது. உள்ளே கேன்வஸ் வைத்தாயிற்று, மார்புப் பாக்கெட் முடிந்தது, தோளுக்குப் பஞ்சு இன்னும் வைக்கவில்லை. இறக்கம் எந்தப் பக்கம் என்று துணியே காட்டிக்கொடுத்தது. கழுத்தடியிலிருந்து வலது அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம், முன் பக்கம் வலது விளிம்பு கொஞ்சம் கீழே, காலர் பிடரியை விட்டு ஒரு விரல் விலகல். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெறும் சுருக்கம் மட்டும் என்றால் கத்தரியைச் சந்தேகப்படலாம்.

அரை அங்குலம் என்றால் நாலு நூல். இதற்கு வெட்டை மாற்ற வேண்டியதில்லை. தாழ்ந்த பக்கத்தில் மூன்று நூல் கனத்துக்குப் பஞ்சு அதிகம் வைத்தால் போதும். மிச்ச ஒரு நூலை விட்டுவிட வேண்டும். முழுசாக மட்டம் கட்டினால் ஆள் பொம்மை மாதிரி ஆகிவிடுவான், கை தூக்கும்போது பஞ்சு தனியாகத் தெரியும். அரை அங்குலத்துக்கு மேல் போனால் பஞ்சு காப்பாற்றாது. அந்தப் பக்கத் தோள் முனையையும் அக்குள் வளைவையும் ஒரே அளவுக்குக் கீழே இறக்கி வெட்ட வேண்டும். தோளை மட்டும் இறக்கிவிட்டு அக்குளை விட்டால், கை போடவே இடுக்காகிவிடும்.

மாஸ்டர் சோக்கால் வலது தோளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் போனை நீட்டி ஒரு செல்ஃபி எடுத்தான். எடுத்ததைப் பண்டாரவளை அத்தைக்கு அனுப்பியும்விட்டான். சனியன் அங்கேதான் பிடித்தது.

அதற்கிடையில் சப்பாத்துக் கதை. கடைப் பையன் வலது காலை மட்டும் அளந்து, "எட்டு சைஸ்" என்று ஒரு சோடியைக் கட்டிக் கொடுத்துவிட்டான். வீட்டில் போட்டால் இடது கால் சுண்டுவிரல் வலியில் அழுகிறது. இரண்டு பாதமும் அச்சாக ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு. இங்கிலீஷ் சைஸ் கணக்கில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் மூன்றில் ஒரு பங்கு அங்குலம்தான் வித்தியாசம், எட்டரை மில்லிமீட்டர். அரை சைஸ் என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். அந்த அளவுக்கு ஒரு கால் பெரிதாக இருப்பது சர்வசாதாரணம். எந்தக் கால் பெரிதோ அதற்குத்தான் சப்பாத்து வாங்க வேண்டும், மற்றதுக்குள் ஒரு மெல்லிய அட்டையைப் போட்டுக்கொள்ளலாம். சின்னதை அட்டை பெரிதாக்கும், பெரியதைச் சின்னதாக்க ஒரு வித்தையும் இல்லை.

பின்னேரம் போய் அளப்பது நல்லது. காலையில் இருந்ததைவிடக் கால் அப்போது கொஞ்சம் ஊதியிருக்கும். ஒரு சீ.ஆர். கொப்பித் தாளில் முழுப் பாரத்தையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குதியையும் நீளமான விரலையும் குறிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் கால் பொய் சொல்லும். மலையகத்துக்காரர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: கடைக்குள் டைல்ஸ் தரையில் நடந்து பார்த்தால் எந்தச் சப்பாத்தும் சரியாகத்தான் இருக்கும். வாசலுக்கு வந்து, சரிவில் டவுன் பக்கம் முகத்தை வைத்து நாலு எட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் முன்னால் இடித்தால் வேண்டாம். அந்தச் சப்பாத்தோடு லயத்துக்கு ஏறி இறங்கினால் ஒரு மாதத்தில் நகம் கறுத்துவிடும், அதுவும் பெரிய காலில்தான்.

கால்சட்டை ஃபிட்-ஓனில் அடுத்த குண்டு. இடது பக்க மடிப்பு சப்பாத்தில் படிகிறது, வலது பக்கம் கால் அங்குலம் மேலே நிற்கிறது. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் ஒரு மெல்லிய கொப்பியை எடுத்து இடது பாதத்துக்குக் கீழே வைத்தார். இடுப்புப் பட்டி மட்டத்துக்கு வந்தது. அப்படியானால் நீளம் குறைவு இடது காலில்தான். கொப்பி வைத்தும் பட்டி மட்டமாகாவிட்டால் ஆள் நிற்கிற விதத்தில் கோளாறு, கால் நீளத்தில் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வித்தியாசம் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அதை உடம்பே சமாளித்துக்கொள்ளும். இரண்டு கால்சட்டைக் காலையும் தனித்தனியாக மடித்தடித்தால் கதை முடிந்தது.

ஆனால் மாமா விடவில்லை. "அதான் அன்னிக்கு மூட்டத்துல இவன் ஒரே எடத்த மூணு தடவ சுத்திக்கிட்டு வந்தான். ஒரு கால் கட்டைன்னா வட்டந்தான் போடும்!"

கேட்க நியாயமாக இருக்கிற பொய் இது. ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆட்கள் இதைச் சோதித்து 2009இல் எழுதியிருக்கிறார்கள். ஆட்களைப் பெரிய காட்டிலும் துனிசியப் பாலைவனத்திலும் மணிக்கணக்கில் நடக்கவிட்டார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை கிட்டத்தட்ட நேராகப் போனார்கள். வெளிச்சம் மறைந்ததும் வட்டம் போட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் இருபது மீட்டர் குறுக்களவுக்குள்ளேயே வட்டம். கால் நீளத்துக்கும் பலத்துக்கும் அதில் சம்பந்தமில்லை; ஒரே ஆள் ஒரு தரம் இடது பக்கம் சுற்றுகிறான், இன்னொரு தரம் வலது பக்கம். திசைக்குப் பிடிமானம் இல்லாதபோது மூளை போடுகிற கணக்கு கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிசகுகிறது. ஆகவே மூட்டத்தில் மாட்டினால் காலைத் திட்டாமல் ஒரு தேயிலை வரிசையையோ கானையோ கைவிடாமல் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி.

பாட்டிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். "வலது கை, இடது கைன்னு பாத்துக்கிட்டிருந்தா அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளந்தான். ரெண்டும் ஓடணும். மதுரையில சாமியே கால் மாத்தி ஆடினாரு, இவனுக்கு என்ன?" வெள்ளியம்பலத்து நடராஜர் பாண்டியனுக்காக இடதுக்குப் பதில் வலது காலைத் தூக்கி ஆடுகிறதைத்தான் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கிறவரின் வலி அந்த ராஜாவுக்காவது தெரிந்தது.

அம்மா தன் பங்குக்குக் கிளினிக்கை இழுத்தார். இடது கையில் 138 காட்டிய பிரஷர், வலது கையில் 146 காட்டியதாம், நர்ஸ் மிஸ்ஸுக்கு மெசின் பிடிக்கத் தெரியவில்லையாம். பாவம் அந்த மிஸ். இரண்டு கைக்கும் பத்து வரை வித்தியாசம் வருவது சகஜம். முதல் தடவை இரண்டிலும் பார்த்துவிட்டு, அதிகம் காட்டிய கையிலேயே பிறகு தொடர்ந்து பார்க்க வேண்டும். பதினைந்துக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லலாம்.

உடம்பு வெளியில்தான் ஏதோ பார்வைக்குச் சமமாக வெட்டினது. உள்ளே லைனிங் ஒரு பக்கம் போல மறுபக்கம் இல்லவே இல்லை. இதயத்தில் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடது பக்கம். அதற்கு இடம் விட்டு இடது நுரையீரல் இரண்டு மடலோடு நின்றுகொண்டது, வலதுக்கு மூன்று. கல்லீரல் வலது பக்கம் பாயை விரித்துப் படுத்திருப்பதால் வலது சிறுநீரகம் கொஞ்சம் கீழே தள்ளப்பட்டிருக்கிறது. மூச்சுக்குழாயின் வலது கிளை அகலம் கூடியது, செங்குத்தும் கூட. கல்யாண வீட்டில் ஓடியாடிக்கொண்டே கச்சான் கொறிக்கிற சின்னப் பிள்ளைக்குப் புரை ஏறினால் அது பெரும்பாலும் வலது பக்கம்தான் போய் மாட்டும். ஓடுகிற பிள்ளை கையில் கச்சான் கொடுக்காதீர்கள். பந்தி முடிந்து நெஞ்செரிகிறவர்கள் இடது பக்கம் சாய்ந்து படுத்தால் வயிறு கீழே போய் எரிச்சல் குறையும். பத்தாயிரத்தில் ஒருவர் போல, எல்லாமே இடம் மாறிப் பிறக்கிறவர்களும் உண்டு. அவர்கள் தையல்காரருக்குத் தொந்தரவில்லை, டாக்டருக்குத்தான் திகைப்பு.

ஒன்றை மட்டும் சிரிப்பில் விடக்கூடாது. வளர்கிற பிள்ளைக்குத் தோள் ஏற்ற இறக்கம் வருஷத்துக்கு வருஷம் கூடினால், குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடாக எழும்பினால் அது முதுகெலும்பு வளைவாக இருக்கலாம். பஞ்சு வைக்கிற விஷயம் இல்லை அது, டாக்டரிடம் காட்டுகிற விஷயம்.

இனி பண்டாரவளை. செல்ஃபியைப் பார்த்த அத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணனுக்கு அடித்தார். "அண்ணே, தம்பிக்கு எறக்கம் இடது தோளுதான். மாஸ்டர் பக்கம் மாறி சொல்லியிருக்காரு." அப்பா விடிந்ததும் கடையில். மாஸ்டர் லைனிங் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கடைப் பையனுக்குப் பெரியவர் பேச்சைத் தட்ட முடியவில்லை. பஞ்சை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டான்.

அடுத்த ஃபிட்-ஓனில் கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை நின்ற கோலம் ஒரு பக்கம் பாரம் ஏற்றின லொறி. ஏற்கெனவே நாலு நூல் உயரமான தோளில் மூன்று நூல் ஏற்றினால் ஏழு. ஒரு அங்குலத்துக்கு ஒரே ஒரு நூல் குறைவு. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் பையனைப் பார்த்தார், பையன் அப்பாவைப் பார்த்தான், அப்பா போனை எடுத்து அத்தையை ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, படத்துல மார்புப் பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கு, பாத்து சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வலது பக்கம்... ஐயோ, பாக்கெட்டையும் மாத்தி வச்சிட்டீங்களா? இருங்க இருங்க, முன்பக்கமும் பொம்பளைங்க கோட்டு மாதிரி வலது மேல வருதே! என்ன மாஸ்டர் தச்சிருக்கீங்க?"

"பின்னால செவுத்துல காலண்டர் தெரியும். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

எழுத்தெல்லாம் தலைகீழாக இல்லை, பக்கம் திரும்பி இருந்தது. முன்பக்கக் கேமரா காட்டுகிற படம் கண்ணாடிப் படம். சில போன்கள் சேமிக்கும்போது அதைத் திருப்பி வைக்கும், சில அப்படியே வைத்துவிடும். அளவு விஷயத்துக்குப் படம் அனுப்புவதென்றால் வேறொரு ஆள் பின்கேமராவில் எடுக்க வேண்டும், படத்துக்குள் ஏதாவது எழுத்துத் தெரிய வேண்டும். ஆண்கள் கோட்டுக்கு மார்புப் பாக்கெட் இடது பக்கம்தான், அதுவும் ஒரு சாட்சி. இன்னொரு வேடிக்கை: நம் முகத்தை நாம் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிவிட்டதால், பாஸ்போட் படம் எப்போதும் யாரோ சொந்தக்காரன் மாதிரி கொஞ்சம் கோணலாகத் தெரியும். கோணல் புதிதல்ல, பக்கம்தான் புதிது.

பஞ்சைப் பிரித்து வலது பக்கம் வைக்க இருபது நிமிஷம் ஆனது. பழைய ஊசித் தடம் தெரியாமலிருக்க ஈரத்துணி போட்டு ஆவியில் அயன் பண்ணினார்கள். அத்தை அன்றைக்குப் பிறகு கோட் பற்றிப் பேசவில்லை. பந்தலைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார் என்று கேள்வி.

அப்பா காசைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது, பொண்ணு வீட்டார் சாரி ஜாக்கெட் துணியோடு படியேறி வந்தார்கள். பொண்ணின் அம்மா அவசரத்தில் இருந்தார், தலவாக்கலைக்குக் கடைசி பஸ்.

"மாஸ்டர், ரெண்டு கையும் ஒரே அளவுதானே? ஒரு கைய மட்டும் அளந்து எழுதிக்கிட்டு விடுங்க."

மாஸ்டர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். வேலை செய்கிற கையின் மேற்புறம் கால் அங்குலம் வரை தடித்திருக்கும். இறுக்கிப் பிடிக்கிற ஜாக்கெட் கை எப்போதும் அந்தப் பக்கம்தான் முதலில் கிழியும்.

"எந்தக் கையால எழுதுவீங்கம்மா?"

"இடது" என்றாள் பொண்ணு.