சிப்பியும் தலை லைட்டும்: பத்து மாத அனுபவம்

சிப்பிக்கு இப்போது பத்து மாதம். இன்னும் 'குட்டி' என்றுதான் வாயில் வருகிறது. எழுந்து நின்றால் முன்கால் என் தோளுக்கு வந்துவிடும். ராஜபாளையம் இனப் பெட்டை நாய். ஜூன் முதல் வாரத்தில் எட்டு வாரக் குட்டியாகக் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "2005ல தபால்தலையில வந்த சாதியாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். உண்மைதான். வேற்றாள் என்றால் அந்தச் சாதிக்கு ஆகாது என்பதும் உண்மை. எங்கள் வீட்டைச் சுற்றியோ ரப்பர் தோட்டம், விடியுமுன்னே ஆள் நடமாட்டம்.

வந்த அன்று அவள் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தேன். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. திரும்பினாள். அப்பாடா.

மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குத்தான் பிறகு பயப்படாது. சங்கடம் என்னவென்றால் தடுப்பூசியும் அந்த நேரத்தில் முடிந்திருக்காது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயை நினைத்தால் தரையில் விடவும் பயம். பழைய சாரத்தை (லுங்கியை) தோளில் தூளியாகக் கட்டி, அதில் அவளைப் போட்டுச் சுமந்தேன். திருவட்டாறு, தக்கலை பஸ் ஸ்டாண்டு, மாத்தூர் தொட்டிப்பாலம். பாலத்தில் கூட்டத்துக்குள் போகவில்லை. வண்டி நிறுத்தும் இடத்தில், ஓரமாகக் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாராவது கடந்து போனால் வாயில் ஒரு நெத்திலி. உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி. என் சட்டைப் பை இன்றும் நாறுகிறது. பதினொன்றாவது வாரத்தில் என் தோள் கடுத்தது வேறு கதை.

ஜூன் என்றால் இங்கே மழை. அக்டோபரிலும் மழை. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊரில் குடைக்குப் பயந்த நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் மடக்கிய குடையைத் தரையில் போட்டு அதன்மேல் ஈரல் துண்டு வைத்தேன். அப்புறம் நாலு விரல் அளவு திறந்தேன். பட்டென்று திறக்க ஒன்பது நாள் ஆனது. இது ஒன்றுதான் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

இனி நான் செய்த தப்பு. 'எல்லோரிடமும் பழக்கு' என்பதை 'எல்லோரும் தொடட்டும்' என்று புரிந்துகொண்டேன். ஓணத்துக்கு வீடு நிறைய ஆள். ஐந்து மாதம் ஆகிறது அவளுக்கு. ஆளாளுக்குத் தலையைத் தடவினார்கள். அவள் உதட்டை நக்கினாள், முகத்தைத் திருப்பினாள், கட்டிலுக்கு அடியில் போனாள். மாமா குனிந்து கூப்பிட்டபோது உறுமினாள். எல்லோர் முன்னாலும் எனக்கு மானம் போய்விட்டது. மூக்கில் ஒரு தட்டு, ஓர் அதட்டல். உறுமல் நின்றது. நல்லபடியாக வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை, ரப்பர் பால் வெட்டும் அண்ணன் நெற்றியில் கட்டிய தலை லைட்டோடு முற்றத்தைக் கடந்தார். நான் சிப்பியைக் கையில் பிடித்திருந்தேன். சத்தமே இல்லை, பாய்ந்தாள். சட்டைக் கை மட்டும் கிழிந்தது. லைட் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், தோலில் கீறல் இல்லை. "மக்கா, ஒனக்க நாயி ஒரு சத்தமாவது போட்டிருந்தா நான் நின்னிருப்பேன்லா" என்றார். முன்பெல்லாம் உறுமத்தான் செய்தாள். நான்தான் அடக்கி வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து உறுமினால் திட்டுவதில்லை. தூரத்தைக் கூட்டுவேன், அவ்வளவுதான். யாரும் அவளைத் தொட வேண்டாம் என்றும் வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அதில் இன்றும் வருத்தம்.

தலை லைட்டுக்குக் குடை வழிதான். பகலில், அணைத்தபடி, தரையில் ஈரலோடு வைத்தேன். பிறகு நான் கட்டிக்கொண்டேன். பிறகு எரியவிட்டேன். அண்ணனிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது; ஒரு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்துத்தான் கேட்டேன். மாலையில் வந்து வாசலுக்கு அப்பால் நிற்பார். அவளைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. நெத்திலியை எறிந்துவிட்டுப் போக வேண்டும். தோளைப் பக்கவாட்டில் காட்டி நிற்கச் சொன்னேன். நேருக்கு நேர் நிற்கிற ஆளும் மேலே குனிகிற ஆளும் நாய்க்கு மிரட்டலாகப் படும். முதல் வாரம் நெத்திலி தரையிலேயே கிடந்தது, எறும்பு தின்றது. இரண்டாவது வாரம் அவர் போனபின் தின்றாள். நவம்பர் கடைசியில், அவர் நிற்கும்போதே தின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இரண்டு துண்டு ஈரல் கொடுத்தேன்.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை லைட் கடந்து போனால் திண்ணையில் படுத்தபடியே ஒரு காதை மட்டும் தூக்குவாள். சில நாள் மெல்ல உறுமுவாள். அண்ணன் நின்று, சுற்றிப் போவார். இருந்தாலும் அவர் வரும் நேரத்தில் கயிறு என் கையில்தான் இருக்கும். வாய்மூடி பழக்குவதும் பாதியில் நிற்கிறது. இப்போதைக்கு உள்ளே தேங்காய்த் துண்டு வைத்தால் மூக்கை நுழைப்பாள், வாரைக் கட்டவிட மாட்டாள்.

இப்போது பிப்ரவரி. ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றுவிட்டது. அண்ணன் வாரம் இரண்டு தடவை சும்மா வந்து லைட்டைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போகிறார், டீக்கு.