ஃபேர் ஐல் நினைப்பாகவே இருக்கிறது

இரண்டு நாளாக மனசு அந்தத் தீவிலேயே கிடக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கில், ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற தீவுக்கூட்டங்களுக்கு நடுவில், சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு நிலம். ஏறக்குறைய ஐம்பது பேர் வசிக்கிறார்கள், 24 மணி நேர மின்சாரமே 2018-இல்தான் வந்தது.

ஆனால் கோடையில் தீவு பறவைகளுடையது. பஃபின்கள் புல்மேட்டில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடும், கிட்டிவேக்குகள் செங்குத்துப் பாறையில் கூட்டை ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்றொரு மனிதர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தபோதே இங்கே ஒரு பறவை ஆய்வகம் கட்டுவதைப் பற்றித் திட்டம் போட்டிருக்கிறார். 1943-இல் விடுதலையாகிக் கப்பலில் திரும்பும்போது அவர் கண்ணில் பட்ட முதல் ஸ்காட்லாந்து மண்ணே ஃபேர் ஐல்தானாம்! அப்புறம் தீவையே வாங்கி, 1948-இல் ஆய்வகத்தைத் தொடங்கியும்விட்டார். அந்த ஆய்வகத்தின் பிற்காலக் கட்டடம் 2019 மார்ச்சில் தீயில் அழிந்ததைப் படித்தபோது தெரிந்தவர் வீடு எரிந்த மாதிரி இருந்தது.

அதைவிட வலிப்பது வேறு. 1980களின் கடைசியில் ஏறக்குறைய 19,000 கிட்டிவேக் கூடுகள் இருந்த இடத்தில் 2013 வாக்கில் ஆயிரம்கூட இல்லை. கடல் சூடாகிறது, குஞ்சுகளுக்கு ஊட்டும் சாண்ட்ஈல் என்ற சின்ன மீன் குறைந்துபோகிறது, பசியில் குஞ்சுகள் சாகின்றன. 2024-இல் ஸ்காட்லாந்து தன் கடல் முழுக்க அந்த மீனைப் பிடிக்கத் தடை போட்டது. இருபது வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். சரி, இப்போதாவது செய்தார்களே.