530-க்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம்

ஓமலூர், வாழப்பாடி, ஏற்காடு மலைக் கிராமங்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் பி.எஸ்சி., பி.காம். வகுப்புகளில் வந்து உட்காரும் பிள்ளைகள் சேலம் வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கென்று கல்லூரி நூலகம் வழக்கமாகச் செய்வது, ஒரு அலமாரி நிறைய ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வைப்பது. அதனால் பெரிய பயன் கிடையாது. பாடம் அவர்களுக்குத் தமிழில் தெரியும். ஆங்கிலப் பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள். இரண்டு வழியிலும் பாட வரிசை ஒன்றே. இயற்பியலுக்கு வகுப்புக்கு இரண்டு தொகுதி. தமிழும் ஆங்கிலமும் சேர்த்தால் எட்டுப் புத்தகம் ஒரு செட். பக்க எண்ணை வைத்துத் தேடக் கூடாது, தமிழ் உரை நீண்டுவிடுவதால் பக்கம் விலகிப்போகும். அலகு எண், சமன்பாட்டு எண், பட எண் இவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் சரியாகப் பொருந்தும். பி.காம். முதல் பருவத்தில் லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று வரும்போது, பள்ளியில் போட்ட பேரேடும் இருப்பாய்வும்தான் அவை என்று ஒரே மேசையில் தெரிந்துவிடும். முதல் பருவத்துக்கு இது போதும். அதற்குமேல் கல்லூரிப் பாடநூலுக்கே போய்விடுவது நல்லது.

புத்தகம் இருந்தும் பிள்ளை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுக்குமுறை. தமிழ் நூல்களுக்குத் தனி அறை, தனி ரேக் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நூலகங்கள் புத்தகத்தைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படுத்தும் டியூயி எண்ணில் இயற்பியல் 530, கணக்குப்பதிவியல் 657; எந்த மொழியில் எழுதினாலும் எண் அதுதான். ஒரே எண்ணில் இரண்டையும் கலந்து அடுக்கி, தமிழ் நூலின் முதுகில் ஒரு வண்ணப் பட்டை ஒட்டினால் வேலை முடிந்தது.

கோஹா என்ற நூலக மென்பொருளை வைத்திருக்கும் நூலகங்களில் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு நூலின் கணினிப் பதிவிலும் 008 என்ற எண்ணுள்ள புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள மூன்று இடம் மொழிக் குறியீட்டுக்கானது. அமைப்பை மாற்றாவிட்டால் அதில் தானாகவே ‘eng’ என்ற ஆங்கில மொழிக் குறி விழும். அவசரத்தில் ஏற்றிய தமிழ் நூலெல்லாம் ஆங்கில நூலாகப் பதிவாகி, மொழி வடிகட்டியில் சிக்காது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தலைப்புகள் அதைவிட மோசம், யூனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. தலைப்பை யூனிகோடில் திரும்பத் தட்டி, ஆங்கில எழுத்து வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான 246 புலத்தில் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். பாடநூல் பகுதியை மட்டும் முதலில் முடித்தாலே பாதிக் குறை தீரும்.

ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள். பிஎச்.டி. ஆய்வாளருக்கு வரப்பிரசாதம். முதலாண்டு மாணவனுக்கு இதில் ஒன்றுமில்லை, இருந்தும் நூலக அறிமுக வகுப்பில் பாதி நேரம் இதைக் காட்டியே கழிகிறது.

மாலையில் மலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ரெஃபரன்ஸ் பிரிவில் உட்கார முடியாது. அவர்கள் அந்தப் பள்ளிப் புத்தகங்களைப் பாடநூல் கழக இணையதளத்திலிருந்து இலவசமாகப் போனில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தமிழ் பி.டி.எஃப்.-இல் சொல்லைத் தட்டித் தேடினால் பல நேரம் கிடைக்காது, எழுத்துரு ஒத்துழைக்காது. கிளம்பும் முன் அலகு எண்ணையும் உட்தலைப்பு எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.