512 பைட்டிலிருந்து கேர்னல் வரை: எனது பூட்லோடர் இப்போது நிற்கும் இடம்

கொக்குவிலில் எங்கள் வீட்டிலுள்ள பழைய பென்டியம் 4 கணினியில், நான் எழுதிய பூட்லோடர் (கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்) நான் எழுதிய சிறு கேர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றி இயக்கும் நிலை இந்தக் கிழமை கைகூடியிருக்கிறது. இதுவரை எல்லாவற்றையும் கியூஎமு என்ற மாயக்கணினியிலேயே சோதித்துவந்தேன். பூட்லோடர் நாஸ்ம் அசெம்பிளரிலும் கேர்னல் சி மொழியிலும் அமைந்தவை.

மின்சாரம் கொடுத்ததும், தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயோஸ் தன் சோதனைகளை முடித்து, வட்டின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் பதினறும (16 ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 7சி00 என்ற முகவரியில் வைத்துவிட்டு அங்கே தாவுகிறது. அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருக்கவேண்டும். அவற்றுக்கு முந்திய 64 பைட்டுகள் வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்று காட்டும் பகிர்வு அட்டவணைக்குரியவை. என் நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டு.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பெறாமகன் பக்கத்தில் இருந்து, "சித்தப்பா, கேர்னல் எந்தப் பைலில கிடக்குதெண்டு பயோசுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். தெரியவே தெரியாது. பயோசுக்குப் பைல் என்று ஒன்று இல்லை. இலக்கமிட்ட செக்டர்கள் மட்டுமே உண்டு. ஆகவே கேர்னலை முதல் செக்டரை அடுத்து வரிசையாக எழுதி, எத்தனை செக்டர்கள் என்பதைப் பூட்லோடரிலேயே பதித்துவிட்டேன். லினக்சில் வழக்கமாகப் பயன்படும் குரப் போன்ற பூட்லோடர்கள் பைல் முறைமையையே வாசித்தறிகின்றன என்பதால்தான் அவற்றுக்கு ஒரு செக்டர் போதாமல், கட்டங்களாகப் பிரிந்து ஏறுகின்றன.

உண்மையான சிக்கல் இடமின்மையன்று, வரிசைமுறையே. என் கேர்னல் 1 மெகாபைட் முகவரியில் அமரும்படி இணைக்கப்பட்டது. ஆனால் வட்டை வாசித்துத் தரும் பயோஸ் சேவையான இன்டரப்ட் 13, செயலி தொடங்கும்போது இருக்கும் பழைய இயக்கநிலையான 16 பிட் ரியல் மோடில் இயங்குவது. அந்த மோடின் கை ஏறத்தாழ 1 மெகாபைட்டுக்கு மேல் எட்டாது. 32 பிட் புரொடெக்டட் மோடுக்குள் போனால் மேலே எட்டலாம், ஆனால் பயோசை அழைக்க முடியாது. ஆகவே கேர்னலை முதலில் 10000 என்ற பதினறும முகவரியில் இறக்கி, பின்னர் மோடை மாற்றி, அங்கிருந்து மேலே நகலெடுக்கிறேன்.

இடையில் ஏ20 என்ற முகவரிக் கம்பியையும் திறக்கவேண்டும். 8086 சில்லில் 20 முகவரிக் கம்பிகளே இருந்ததால் 1 மெகாபைட்டைத் தாண்டிய முகவரி மீண்டும் சுழியத்துக்கே திரும்பியது. அதை நம்பிய பழைய நிரல்களுக்காக, 1984 இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் 21 ஆவது கம்பிக்கு ஒரு தடுப்பை வைத்து, அதன் கட்டுப்பாட்டை விசைப்பலகைச் சில்லிடம் கொடுத்தார்கள். நினைவகத்தின் சாவி விசைப்பலகையிடம் இருப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

மோடை மாற்றும் பகுதி குறுகியது: இன்டரப்ட்களை (வன்பொருள்கள் செயலியை இடைமறிக்கும் சைகைகளை) நிறுத்துதல், நினைவகப் பகுதிகளை விவரிக்கும் ஜிடிடி அட்டவணையைச் சுட்டுதல், செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவகமான சிஆர்0 இன் முதற் பிட்டை 1 ஆக்குதல், உடனே புதிய நினைவகப் பகுதிக்கு ஒரு தூரத் தாவல். இன்டரப்ட்களை நிறுத்தும் கட்டளையை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தேன். கடிகார இன்டரப்ட் வந்ததும், அதை ஏற்கும் அட்டவணை இல்லாததால் தவறுக்குமேல் தவறாகி, மூன்றாவதில் செயலி தன்னைத்தானே மீளத் தொடங்கியது. திரை ஓயாமல் மினுங்கியது.

இப்போது கேர்னல், திரையின் எழுத்துகளுக்குரிய நினைவகமான பி8000 முகவரியில், ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டாக, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறது. அடுத்து அந்த வரியைத் தமிழாக்க வேண்டும். திரைக்குரிய விஜிஏ வன்பொருளின் எழுத்துரு ஓர் எழுத்துக்கு 8 பிக்சல் அகலமும் 16 உயரமும் கொண்டது. 'ண' அதற்குள் அடங்காது, இரு கட்டங்கள் பிடிக்கும். எழுத்துருவை ஏற்றித் தரும் இன்டரப்ட் 10 உம் பயோஸ் சேவையே என்பதால், தமிழ் எழுத்துகளும் மோடு மாறுவதற்கு முன்பே ஏற வேண்டும். அவை இரு கட்டங்களுமாக ஓர் எழுத்துக்கு 32 பைட்டு பிடிப்பதால் 446 க்குள் அடங்கா. வட்டில் கேர்னலுக்குப் பின்னால் ஒரு செக்டரை அவற்றுக்கென ஒதுக்கியிருக்கிறேன்.